கயிறு இழுக்க எட்டுப் பேர்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய ரோட்டை மூடிவிட்டு, சுற்றியிருக்கும் ஜனங்களை அதில் விளையாட விடப்போகிறார்கள் என்று எங்கள் மாநகராட்சி அறிவித்தபோது நான் நம்பவில்லை. பட்டாபிராமுக்குக் குடிவந்த இத்தனை வருடங்களில் அந்த ரோடு சும்மா கிடந்து பார்த்ததே இல்லை. சென்ட்ரல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களும், தண்ணீர் லாரியும், ஷேர் ஆட்டோவும் எந்நேரமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும்.

வியாழக்கிழமை மாலை சுகாதார ஆய்வாளரே எங்கள் ஃப்ளாட்டுக்கு நோட்டீஸோடு வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். சாக்கடை அடைப்பைப் பார்க்க வரும்போது முகத்தில் இருக்கும் அலுப்பு அன்றைக்கு இல்லை.

"மேடம், லேடீஸுக்கு கயிறு இழுக்கிற போட்டி வெச்சிருக்கோம். டீமுக்கு எட்டுப் பேர். இங்க எத்தினி பேர் வருவீங்க?"

வாசலில் நின்றிருந்த நாங்கள் நான்கு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டார். "மிச்சம் நாலு பேரை நான் புடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் ஊர்த்தெருவுக்குள் போனார்.

அவர் அந்தப் பக்கம் திரும்பியதுமே, என் பெயரை அடித்துவிடச் சொல்லலாமா என்று நினைத்தேன்.

அந்தத் தெருக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். நான் கம்பம் பக்கத்திலிருந்து கணினி வேலைக்காக வந்தவள். நடுவில் ஒரு சந்துதான் என்றாலும் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நான் தயங்கியதற்குக் காரணம் அதுவல்ல. அந்தத் தெருவில் என் வயதில் ஒரு பெண் இரண்டு மாடுகள் வைத்திருந்தார். கணவர் அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை. நான்கு மாதத்துக்கு முன்னால், ஸ்டேஷனிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது அவருடைய வெள்ளைப் பசு ரோட்டின் குறுக்கே நின்றது. ஒதுங்கப் போய் விழுந்தேன். முழங்கையில் சதை பிய்ந்துவிட்டது. அந்தக் கோபத்தில் பசுவைப் படம் பிடித்து மாநகராட்சியின் புகார் செயலியில் போட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த புகார்களிலேயே உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது அது ஒன்றுதான். மூன்றாம் நாள் வண்டி வந்து பசுவை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அதற்கு ஒரு கன்று இருந்தது எனக்குத் தெரியாது. பசு திரும்பி வரும்வரை இரண்டு நாள் அது கத்திய கத்தல் என் சமையலறைக்குள் கேட்டது. நான் ஜன்னலைச் சாத்தினேன். அந்தப் பெண் தெருவில் நின்று, "எவ அது போட்டுக் குடுத்தது? என் மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு இன்னா கேடு?" என்று கேட்டதும் கேட்டது. அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்குச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை மாலை பயிற்சிக்குப் போனால், ஆய்வாளர் பிடித்துவந்த நான்கு பேரில் முதலாவதாக நின்றது அவர்தான். இரண்டு மாட்டுக் கயிறுகளை முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தார். எங்களை வரிசையாக நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தார்.

"கடைசில நான் நிக்கறேன். நான் நவுர மாட்டேன்" என்றவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "நீதான் இவங்கள்ல கொஞ்சம் வெயிட்டா கீற. எனக்கு முன்னாடி வந்து நில்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு மணி நேரம் அவருடைய மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. "கைல இஸுக்காத, குதிகால்ல இஸு" என்று காதுக்குள் அதட்டினார். எனக்கு அந்த அதட்டல் பிடித்திருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்குப் போனபோது ரோட்டை அடையாளம் தெரியவில்லை. இரண்டு முனையிலும் தடுப்புகள். வெறும் தார், அதன்மேல் சுண்ணாம்புக் கோடுகள். ஒரு தம்பதி நடுரோட்டில் நாற்காலி போட்டுக் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி பாட்டுக்கு ஐம்பது அறுபது பேர் ஆடினார்கள். என் மாடிவீட்டு வங்கி மேலாளர் அதில் முதல் வரிசை. வார்டு கவுன்சிலர் அம்மா சேலையைச் செருகிக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடினார். ஒரு குழந்தை ஒன்றும் விளையாடாமல் சாலை நடுவே மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அப்பா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்.

முதல் சுற்றில் எங்களுக்கு எதிரே நெமிலிச்சேரிப் பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள். ஒரே நிறத்தில் டீ ஷர்ட் அணிந்திருந்தார்கள். விசில் ஊதியதும் இரண்டு எட்டில் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். இரண்டாம் சுற்றில் பள்ளி ஆசிரியைகள். அவர்கள் அவ்வளவு லேசில் வரவில்லை. கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. பின்னாலிருந்து "இஸு... இஸு... உட்டுடாத" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் குதிகாலை ஊன்றினேன். ஜெயித்தோம். முந்தாநாள் வரை பேச்சே இல்லாத இரண்டு பக்கத்து எட்டுப் பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

இறுதிச் சுற்றுக்கு முன்னால் அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கொப்புளங்கள் உடைந்திருந்தன.

"கையா இது? இட்லி மாவு கணக்கா கீது" என்று திட்டிக்கொண்டே, இடுப்பில் செருகியிருந்த பருத்தித் துண்டைப் பல்லால் கிழித்து என் இரண்டு உள்ளங்கைகளிலும் சுற்றிக் கட்டினார். வீட்டுக் குழந்தைக்குக் கட்டுவதுபோல முடிச்சை மெதுவாக இறுக்கினார்.

எதிரே எங்கள் பகுதியின் தூய்மைப் பணியாளர்கள் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார்கள். நாங்களும் குனிந்து எடுத்தோம். ஆய்வாளர் விசிலை வாயில் வைத்தார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா" என்றேன், திரும்பாமலே. "உங்க மாட்டப் பத்திப் புகார் குடுத்தது நான்தாக்கா."

பின்னால் கயிறு வெடுக்கென்று இறுகியது. பிறகு காதருகில் குரல் வந்தது.

"மொதல்ல கவுத்த இஸு. உன்ன அப்பால வெச்சிக்கறேன்."

விசில் ஊதியது. அவர் இழுத்த இழுப்பில் நான் அப்படியே பின்னால் போனேன். என் மேலிருந்த கோபம் முழுவதையும் அந்தக் கயிற்றில் காட்டினார். எதிரணியின் முதல் பெண் கோட்டைத் தாண்டி எங்கள் காலடியில் வந்து விழுந்து, "யம்மாடி, இன்னாடி இது!" என்று சிரித்தார். கூட்டம் கத்தியது. மூன்று இழுப்பில் முதலாவது எங்களுக்கு.

மற்ற இரண்டும் அவர்களுக்கே போயின. தினமும் குப்பை வண்டி தள்ளும் கைகள் அவை. மூன்றாவது இழுப்பில் நாங்கள் எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம். விழுந்த இடத்தில் கிடந்தபடி எல்லோரும் சிரித்தோம். அவரைத் தவிர.

பக்கத்தில் கம்பங்கூழ் கொடுத்துக்கொண்டிருந்த பந்தலுக்கு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போனார். சொன்னபடியே திட்டினார். என் படிப்பையும், செல்போனையும், மூன்றாம் மாடியையும் ஒன்று விடாமல் திட்டினார். கூழ் ஊற்றிய பெண் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"என் கன்னுக்குட்டி ரெண்டு நாளு கத்திச்சு. தெரியுமா உனுக்கு?"

"தெரியும்க்கா. கேட்டுச்சு. ஜன்னல சாத்திட்டேன்."

சாக்குச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருந்தார் போலும். கூழை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"எதுக்குக் குடுத்த?"

முழங்கைத் தழும்பைக் காட்டினேன். விழுந்ததைச் சொன்னேன். தழும்பின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"இத்த அன்னிக்கே வந்து சொல்லிருந்தா, நானே ரெண்டு சாத்து சாத்தியிருப்பேன்."

"எனக்கா?"

"உனுக்கு எதுக்கு? மாட்டுக்கு!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வந்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. "த, கூழ்ல உப்பு சரியாத்தான் கீது, நீ வேற ஊத்தாத" என்று என் தலையில் தட்டினார். இரண்டாம் பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டப்பாக்களை வாங்கும்போது என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் சுற்றுவழியில் போவதில்லை. அவர் தெரு வழியாகப் போனால் ரயிலுக்கு ஐந்து நிமிடம் மிச்சம். ஆனால் நாலு வீட்டில் நின்று பேசுவதால் அந்த மிச்சம் கைக்கு வருவதில்லை. வெள்ளைப் பசு இப்போதும் சில நாள் ரோட்டுக்கு வந்துவிடும். நான் அவருக்குப் போன் செய்வேன். "புடிச்சினு வா, நீயே" என்பார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வர எனக்குப் பழகிவிட்டது.

போன வாரம் ஒரு காலை, கீழேயிருந்து மூன்றாம் மாடிக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார். எட்டிப் பார்த்தேன். கையில் இந்த மாத ஞாயிற்றுக்கிழமைக்கான நோட்டீஸ்.

"ஸ்லோ சைக்கிள் போட்டியாம்! ரெண்டு பேர் பேரையும் குட்த்துட்டேன்."

"எனக்கு சைக்கிளே விடத் தெரியாதேக்கா!"

"எனுக்கு மட்டும் தெரியுமா? யாரு கடைசியா வராங்களோ அவங்கதான் ஜெயிப்பாங்களாம். நம்மள உட்டா வேற யாரு?"

வாடகை சைக்கிளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.