தட்டையான பேஸ்

ஒரு வேலையைத் தொட்ட கையோடு அடுத்ததற்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று வாழ்கிறவர், முதலாவதைச் சரியாகத் தொட்டோமா என்று எப்போதுதான் பார்ப்பது?

மருத்துவமனைச் சலவைப்பிரிவில் அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. காலை ஆறு மணியிலிருந்து ஈரமும் ஆவியும். நாலரைக்கு மைதானம். பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களின் சாஃப்ட்பால் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். பிள்ளைகளுக்குக் கோச்சக்கா.

மூன்று மாதமாக ஒரே பாடம், டபுள் பிளே. தரையில் உருண்டு வரும் பந்தை 'நெட்டை' என்ற பெண் எடுத்து இரண்டாம் பேஸுக்கு, அதாவது எதிரணிக்காரி ஓடி வந்து தொட வேண்டிய திண்டுக்கு, எறிவாள். கோச்சக்காவின் மகள் 'குருவி' ஓடி வந்து பிடித்து, பேஸின் மேல் காலை இழுத்தபடியே திரும்பி, முதல் பேஸுக்கு எறிய வேண்டும். ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். கிளப்பின் பேஸ்கள் ஆட்ட நாளில் மட்டுமே வெளியே வரும். பயிற்சிக்கு, சலவைப்பிரிவில் கழித்துப்போட்ட கட்டில் விரிப்பை நாலாக மடித்து ஆணியடித்து வைத்திருந்தார்.

"நிக்காதடி! பேஸ் மேல குடித்தனமா நடத்தப் போற?"

"கால் வலிக்குதும்மா."

"எனக்குந்தான். இன்னும் பத்து."

கிளப் செயலாளர் வேலி ஓரமாக வந்து நின்றார். "அக்கா, உங்க பொண்ணுங்கறதால அந்த இடத்துல வச்சிருக்கீங்கன்னு நாலு பேர் பேசறாங்க. ஒரு ஆட்டத்துலயாவது ரெண்டு அவுட் எடுத்திருக்காளா?"

"அந்த நாலு பேர்ல நீங்க எத்தனாவது ஆளு, தம்பி?"

செயலாளர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பார்த்துட்டு மாத்துங்க."

குருவியின் காதிலும் அது விழுந்தது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள். "என்னை எடுத்துடுவியாம்மா?"

கோச்சக்காவுக்குத் தட்டின் மேலேயே கண் சொருகியது. பக்கத்திலிருந்த கணவர்தான் சொன்னார். "உங்கம்மா இப்ப பாதி தூக்கத்துல இருக்கா. நாளைக்குக் கேளு."

ஞாயிறு, ஆட்டத்தின் கடைசிச் சுற்று. கோச்சக்காவின் அணி ஒரு ஓட்டம் முன்னிலை. எதிரணியில் ஒருத்தி அவுட்; முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள். பந்து நேராக நெட்டையிடம் உருண்டது. அவள் எறிந்தாள். முந்தைய ஆட்டங்களில் குருவி நின்று தொட்டு ஒரு அவுட்டோடு திருப்திப்பட்டவள். அன்று சொல்லிக்கொடுத்தபடி ஓடி வந்தாள், காலை இழுத்தாள். பேஸின் விளிம்பு தடுக்கிக் குப்புற விழுந்தாள். பந்து தலைக்கு மேலே பறந்து வேலிவரை ஓடியது. இரண்டு ஓட்டம். தோல்வி.

எல்லோரும் போன பிறகு கோச்சக்கா இரண்டாம் பேஸ் அருகில் குந்தி உட்கார்ந்தார். விளிம்பில் கையை வைத்துப் பார்த்தார். நாலு விரல் உயரம். விரிப்போ தரையோடு தரை. மூன்று மாதமும் கால் வழுக்கிக்கொண்டு போனது அதன் மேல்தான்.

"என் கால்தாம்மா தப்பு," என்றாள் குருவி, முழங்கையிலிருந்த மண்ணைத் தட்டியபடி.

"இல்லடி, நான் விரிச்ச துணிதான் தப்பு," என்றார்.

அடுத்த வாரம் அணிப் பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்தார். இரண்டாம் பேஸுக்கு நேரே மகளின் பெயர் இருந்தது. கீழே, பயிற்சியாளர் என்ற இடத்தில் தன் பெயரைக் கோடு போட்டு அடித்திருந்தார்.

"என்னக்கா இது?"

கோச்சக்கா மைதானத்துக்குள் நடந்தார். விரிப்பிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதை உதறி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பார்வையாளர் பலகையில் போய் உட்கார்ந்தார்.