கொடுங்கோலரைப் பார்க்கப் போனோம், தலைவரும் கூட வந்தார்

எழுபத்து மூன்று வயதில் எழுத்துக் கற்றவனுக்கு வாசிக்க எது கிடைத்தாலும் விருந்துதான். பண்டைய கிரேக்க நகர அரசுகளைப் பற்றி ஒஸ்லோ நகர மையத்தில் கண்காட்சி நடக்கிறது, வாசலில் தமிழிலும் விளக்கத்தாள் தருகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மார்ச்சில், பனி கரைந்து நடைபாதை வழுக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை, புறநகரான ஹொல்ம்லியாவின் தமிழ் மூத்தோர் வட்டத்திலிருந்து பத்துப் பேர் புறப்பட்டோம்.

ரயிலில் கால் மணி நேரம். முதியோருக்குப் பாதிக் கட்டணம். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. காரணம் தலைவர் பரமு. ஒவ்வொரு சந்தியிலும் எங்களை எண்ணினார். பயணச்சீட்டுகள் அவர் பையில். கழிப்பறைக்கும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்!

அவரைக் கொண்டுவந்ததும் நாங்களே. முன்பு வட்டத்தை மூன்று பெரிய குடும்பங்கள் கையில் வைத்திருந்தன. ஒரு பயணமும் கிடையாது. பரமு எழும்பிக் கேள்வி கேட்டார், நாங்கள் கை தட்டினோம். சூடான மண்டபம், பயணங்கள், பெரிய தேநீர் பிளாஸ்க் எல்லாம் அவரால் வந்தவை. பிறகு தேர்தல் என்ற பேச்சே இல்லை. அன்று ரயிலில், இனிமேல் தன் மகன் பொறுப்பேற்பான் என்று அறிவித்தார். யாரையும் கேட்கவில்லை.

விளக்கத்தாளின் தலைப்பு ‘கொடுங்கோலர்’. கண்காட்சிக் கூடத்து வாங்கு இருக்கையில் அமர்ந்து விரல் வைத்து வாசித்தேன். நிலமுள்ள சில குடும்பங்கள் நகரங்களை ஆண்டன. வெறுத்துப்போன மக்களின் ஆதரவோடு ஒருவன் சட்டத்தை மீறி ஆட்சியைப் பிடித்தான். கோயில் கட்டினான், திருவிழா நடத்தினான், ஏதென்சுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். மூன்றாம் பந்தியின் முதல் வரியில் கால் வைக்கும்போது தலைக்கு மேல் பரமுவின் குரல்.

“அண்ணை, ரயிலுக்கு நேரமாச்சு. மிச்சத்தை நான் சொல்லுறன்.”

“வேண்டாம். நானே வாசிக்கிறன்.”

“நீங்கள் முடிக்க விடிஞ்சிடும்!”

“விடியட்டுமன்,” என்று பக்கத்தில் வந்து இருந்தார் எங்களோடு வந்த ராசமணி அக்கா. “உமக்கென்ன, போய் மாடு கட்ட வேணுமோ? அண்ணை, எல்லாருக்கும் கேக்கப் பெலத்து வாசியுங்கோ.”

எனக்கு வந்த கடிதங்களை வாழ்நாளெல்லாம் மற்றவர்கள்தான் வாசித்துச் சொன்னார்கள். எவ்வளவை விட்டார்கள் என்று இன்றும் தெரியாது. இந்தத் தாளை விடுவதாக இல்லை. பரமு தொப்பியோடு நிற்க, எழுத்தெழுத்தாக வாசித்தேன். தகப்பனுக்குப் பின் மகன்கள் ஆண்டார்கள். போகப் போகக் கெடுபிடி கூடியது. கடைசியில் மிஞ்சிய மகனை நகரைவிட்டே துரத்தினார்கள்.

பரமு தொப்பியைக் கழற்றினார். “அப்பிடியே எழுதியிருக்கு? என்ரை கண்ணாடி வீட்டிலை. திருப்பி வாசியுங்கோ.”

வாசித்தேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“தகப்பன் கொண்டுவந்த தண்ணி?”

“அதைச் சனம் பிறகும் குடிச்சதாம்.”

பரமு தொப்பியை மடித்துப் பையில் வைத்தார். “மகனுக்கு எப்பிடியும் வேலை கூட. அடுத்த முறை ஆரைத் தலைவரா விடுறது எண்டு எல்லாரையும் கேப்பம்,” என்றார். உடனே எங்களை மறுபடியும் எண்ணினார்.

போகிறவர்களுக்கு: பனியில் வழுக்காமலிருக்கச் சப்பாத்துக்கு அடியில் ஆணிப்பட்டி போடுங்கள். வார நாளில் கூட்டம் குறைவு. தமிழ்த்தாளைக் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தரமாட்டார்கள். பயணச்சீட்டை உங்கள் பையிலேயே வையுங்கள். நாங்கள் ரயிலைத் தவறவிட்டு நிலையத்தில் அரை மணி நேரம் குளிரில் நின்றோம். பரமுவின் பிளாஸ்க்கில் தேநீர் அப்போதும் சூடாகத்தான் இருந்தது. நான் இரண்டு கோப்பை குடித்தேன்.