ஒரு நெருப்புக்கு மட்டும் அனுமதி

கூடாரத்தில் தங்கிய அனுபவம் எனக்கு நிறைய உண்டென்று எங்கள் கந்தோருக்குப் பெரியவரான வெள்ளைக்காரத் துரையிடம் நான் சொன்னது பொய். வாழ்க்கையில் நான் ஒரே ஒரு கூடாரத்துக்குள் நுழைந்திருக்கிறேன். அது யாழ்ப்பாணத்துக்கு வந்த சர்க்கஸ். அதிலும் ஒட்டகம் இருமியதற்குப் பயந்து பாதியில் வெளியே வந்துவிட்டேன். நெருப்பு மூட்டுவதில் என் தேர்ச்சியும் ஏறக்குறைய அவ்வளவுதான். மன்னாரில் நான் வாடகைக்கு இருந்த அறையில் ஒருநாள் தேத்தண்ணி வைக்கப்போய், அரைப்பெட்டி நெருப்புக்குச்சியைத் தீர்த்துவிட்டு, அடுத்த அறை ஓவசியரிடம் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தேன்.

ஆனால் நான் வாசிக்கிற ஆள். வெள்ளைக்காரர்கள் காடு மேடெல்லாம் அலைந்து, கூடாரம் அடித்து, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து புகைபிடித்த கதைகளை எனக்கு விளங்கிய அளவுக்கும் விளங்காத அளவுக்கும் வாசித்திருந்தேன். கந்தோரில் சக கிளாக்கர்மாருக்கு மத்தியானம் அவற்றைச் சொல்லுவேன். சொல்லச் சொல்ல, கதையில் வந்த வெள்ளைக்காரன் மெல்லமெல்ல விலகி, அந்த இடத்தில் நானே உட்கார்ந்துவிட்டேன். இது துரையின் காதுக்கு எட்டியது.

துரை கூப்பிட்டார். அவர் தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணியவர். எங்களோடு புத்தகத் தமிழில்தான் பேசுவார்.

"நீர் கூடாரவாசத்தில் வல்லவர் என்று கேள்வியுற்றேன். மெய்யா?"

அவருடைய மேசையில், ஒரு பெரிய சங்கின் கீழே, என் இடமாற்ற விண்ணப்பம் கிடந்தது. மூன்றாவது விண்ணப்பம். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில், நான் நான்கு வருடமாக மன்னாரில். லீவில் போனால் சின்னவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, மன்னார் மாமா வந்திருக்கிறார்" என்பாள். இந்த நிலையில் ஒரு மனிதன் எதைத்தான் மெய் என்று சொல்லமாட்டான்? மெய் என்றேன்.

துரையின் மனைவி, துரைசாணி, அடுத்த கப்பலில் சீமைக்குத் திரும்புகிறா. அதற்கு முன் ஒரு கிழமை கூடாரத்தில் இருக்க ஆசை. கட்டில், கம்பளம், குளிக்கிற தொட்டி, கிராமபோன் எல்லாம் வண்டியில் வரும். இடம் பார்ப்பது மட்டுமே என் வேலை. ஒரே ஒரு நிபந்தனை: தினமும் பொழுதுபட, கூடாரத்தின் முன்னால் பெரிய நெருப்பு மூட்டி, அதைப் பார்த்துக்கொண்டு அவ உட்கார வேண்டும். சங்கின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, "இது நன்கு முடியுமாயின், அதையும் நோக்குவோம்" என்றார் துரை.

அது வைகாசி. மன்னாரில் சோளகக் காற்று எழும்பி, மண்ணைச் சோற்றுக்குள்ளும் பொறுமையை வெளியேயும் தள்ளுகிற காலம். அந்தக் காலத்தில் நெருப்பு மூட்ட இடம் தேடுவது எப்படிப்பட்ட காரியம் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஒருவரின் மாட்டுவண்டியை அமர்த்திக்கொண்டேன். என்னிலும் பத்து வயது மூத்தவர், நானா என்று கூப்பிடுவேன். அவரே தன் ஊரில் ஒரு வியாபாரியின் தென்னந்தோட்டத்தைக் காட்டினார். நிழல், நல்ல தண்ணீர்க் கிணறு, கடல் கூப்பிடு தூரம். வியாபாரி சர்பத் தந்து உபசரித்தார். துரைசாணி வருவது தன் பாக்கியம் என்றார். நான் நெருப்பைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த தட்டத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஐயா, சோளகம் எழும்பினால் எங்கட ஊரில பத்து மணிக்குப் பிறகு அடுப்பே எரியாது. விடிய வெள்ளன சமைச்சு, தண்ணி ஊத்தி நூர்த்துப்போடுவம். என்ர உம்மாவுக்கே சுடுதண்ணி வைக்க விடுறேல்ல. நீங்கள் என்னடா எண்டால்..."

"சின்ன நெருப்புத்தான்" என்றேன்.

"சின்ன நெருப்பு எண்டு ஒண்டு இருக்கே, ஐயா? அது பிள்ளை மாதிரி. பிறக்கேக்க மட்டும்தான் சின்னன்."

சுற்றிப் பார்த்தேன். கூரை ஓலை, வேலி ஓலை, கடைக்குத் தட்டி ஓலை. பள்ளிவாசலைத் தவிர ஊரே ஓலையில் நின்றது. சர்பத்தைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மன்னார் ஒரு தீவு. வண்டியையும் மாட்டையும் தோணியில் ஏற்றி, கடலைக் கடந்து, பெருநிலத்துக்குப் போனோம். நறுவிலிக்குளத்தில் குளக்கட்டு மருத மரங்களோடு படத்தில் இருப்பதுபோல இருந்தது. மனம் குளிர்ந்தது. கமக்காரர் நாலுபேர் கூடி யோசித்துவிட்டு, முடியாது என்றார்கள். காட்டுப்பன்றி பொழுதுபட அந்தப் பக்கமாகத்தான் தண்ணீருக்கு வருமாம். நெருப்பைக் கண்டால் வழிமாறி வயலுக்குள் இறங்குமாம். "பண்டிக்குத் துரைசாணி எண்டு தெரியுமே?" என்று ஒருவர் கேட்டார்.

அடம்பனில் மாத்திரம் யாரும் மறுக்கவில்லை. நான் வாய் திறக்கும் முன்பே சம்மதித்துவிட்டார்கள்.

"நெருப்புத்தானே? நீங்கள் மூட்டவே தேவையில்லை ஐயா, நாங்கள் நாளாந்தம் மூட்டுறம்" என்றார் அந்த இடத்துக்காரர். "எருவும் பச்சிலையும் போட்டு நல்ல புகை. நுளம்பு கிட்ட வராது."

"ஆருக்கு?"

"மாட்டுக்கு."

அவர் காட்டிய இடம் இருநூறு மாடு அடைகிற பட்டி. கூடாரத்தை நடுவில் அடித்தால் நாலு பக்கமும் காவல் என்றார். நான் ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பத்தி மூன்று வயதில், நான்கு நாள் வண்டிக் குலுக்கலுக்குப் பிறகு, மனிதனின் தரம் அந்த அளவுக்கு இறங்கிவிடும்.

"கிளாக்கர் ஐயா, மாட்டுக்குத் துரைசாணி பழகுவா. துரைசாணிக்கு மாடு பழகுமோ தெரியாது" என்றார் நானா. மறுபடியும் தோணி.

ஐந்தாம் நாள், தீவின் வடகரையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு சின்ன மீன்பிடிக் கிராமத்துக்குப் போனோம். எல்லாரும் வேதக்காரர், கத்தோலிக்கர். ஊருக்கு ஒரு மைல் தள்ளி வெறும் கடற்கரை. வெள்ளை மணல், எரிவதற்கு ஒரு ஓலைகூட இல்லை. மண்மேடு ஒன்று சோளகத்தை மறித்துக்கொண்டு நின்றது. கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர்தான் அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிர்த்தாமல் கேட்டார்:

"கூடாரம்தானே? அடியுங்கோவன்."

"நெருப்பு மூட்டலாமோ?"

"மூட்டலாம்."

என் காது அந்த இடத்தில் அடைத்துவிட்டது. ஐந்து நாளாகக் காத்திருந்த சொல். அதற்குப் பிறகு அவர் சொன்னது தூரத்தில் யாரோ யாருக்கோ சொல்வதுபோல வந்தது.

"ஆனா ஒண்டுதான் மூட்டவேணும், ஐயா. பக்கத்தில இன்னொண்டு மூட்டிப்போடாதேங்கோ."

"ஓம், ஓம், ஒண்டுதான்" என்றேன். விறகுக்குத் தட்டுப்பாடான ஊர், சிக்கனம் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். குறிப்புப் புத்தகத்திலும் "விறகு சிக்கனம்" என்றே எழுதினேன். நானா என் முகத்தைப் பார்த்தார், ஏனென்று கேட்கவில்லையா என்பதுபோல. நான் ஏற்கனவே மனசுக்குள் யாழ்ப்பாணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கூடாரங்கள் எழும்பின. படுக்க ஒன்று, சாப்பிட ஒன்று, குளிக்கிற தொட்டிக்கு ஒன்று. மணலின் மேல் கம்பளம், அதன் மேல் கதிரைகள். பின்னேரம் ஊர் ஆண்கள் ஏழெட்டு வள்ளங்களில் கடலுக்குப் போவதைத் துரைசாணி பார்த்துக் கைலேஞ்சியை ஆட்டினா. பொழுது பட்டதும் துரையின் ஆட்கள் நெருப்பு மூட்டினார்கள். நன்றாகப் பிடித்தது. அவ கதிரையில் சாய்ந்து, கையிரண்டையும் சேர்த்துக்கொண்டு, "ஆ" என்றா. அந்த "ஆ"வில் என் இடமாற்றக் கடிதம் ஒப்பமாகி முத்திரையும் விழுந்துவிட்டதுபோல எனக்குக் கேட்டது.

திரும்பிப் பார்த்தால், இருபது அடி தள்ளி இன்னொரு நெருப்பு. துரையின் சமையல்காரர், நாங்கள் கோக்கி என்று கூப்பிடுகிறவர், கோழி வாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்டுதான் மூட்டலாமெண்டு சொன்னவை" என்றேன்.

"ஐயா, துரைசாணியின்ர நெருப்பில நான் சட்டி வைக்கேலுமே? அது பாக்கிற நெருப்பு. இது சமைக்கிற நெருப்பு."

நியாயமாகத்தான் பட்டது. விறகு எங்களுடையது, ஊருக்கு என்ன நட்டம்? விட்டுவிட்டேன்.

அரைமணித்தியாலம் போயிருக்காது. ஊர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் நரி என்று நினைத்தேன். கிட்ட வரவரத்தான் அது பெண்களின் அழுகை என்று தெரிந்தது. முப்பது நாற்பது பெண்கள், தலைமயிர் அவிழ, நெஞ்சில் அடித்துக்கொண்டு, மணலில் ஓடிவந்தார்கள். அதே நேரம் கடற்பக்கமிருந்து வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையில் மோதின. ஆண்கள் இடுப்புத் தண்ணீரில் குதித்து, "ஆர்? ஆர்?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"நீங்களெல்லே சொல்லவேணும் ஆரெண்டு!" என்று பெண்கள் கத்தினார்கள்.

"நாங்களோ? இரண்டு நெருப்பு மூட்டினது நீங்களெல்லே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கரையில் ஒரு நெருப்பு என்றால், இங்கே கரை இருக்கிறது என்று கடலுக்குப் போனவர்களுக்குக் காட்டுவது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்றால், ஊரில் சாவு, போட்ட வலையைப் போட்டபடி விட்டுவிட்டு உடனே வாருங்கள் என்பது. ஆண்கள், வீட்டில் யாரோ செத்துவிட்டார் என்று வந்திருந்தார்கள். பெண்கள், கரையொதுங்கிய உடலைக் கண்டு யாரோ மூட்டியிருக்கிறார்கள் என்று வந்திருந்தார்கள். யாருக்கென்று தெரியாமலே ஒப்பாரி ஒரு மைல் ஓடி வந்துவிட்டது.

ஒரு இளைஞன் என் சட்டையைப் பிடித்தான். "ஆர் செத்தது? சொல்லும்!" என்றான். அதற்குள் பெண்கள் கூட்டத்தில் நிறைமாத வயிற்றோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஒருத்தியைக் கண்டான். என் சட்டையை விட்டான். மணலில் அப்படியே உட்கார்ந்தவன், பிறகு கொஞ்ச நேரம் எழும்பவே இல்லை. அவன் எனக்கு அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஒருத்தரும் சாகேல்லையோ?" என்று ஒரு கிழவி கேட்டா. அவவின் குரலில் சந்தோசத்தோடு, இவ்வளவு தூரம் ஓடிவந்த கோபமும் இருந்தது.

மூப்பர் கடைசியாக வந்து சேர்ந்தார். இரண்டு நெருப்பையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் ஒண்டெண்டெல்லே சொன்னனான், ஐயா?"

"ஓம்."

"ஏனெண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"



இந்தக் களேபரத்தில் துரை தொட்டியிலிருந்து துவாயோடு வெளியே வந்தார். துரைசாணிக்கோ முகமெல்லாம் பூரிப்பு. ஊரே திரண்டு தன்னை வரவேற்க வந்ததென்று அவ எண்ணிக்கொண்டா. விசுக்கோத்துத் தகரத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்கள் ஓடிவரும்போது பாடிய பாட்டு மிக உருக்கமாக இருந்தது, இன்னொரு தரம் பாடச் சொல்லும் என்று என்னிடம் இங்கிலீசில் சொன்னா.

நான் பெண்கள் பக்கம் திரும்பினேன். "துரைசாணி அம்மா உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறா" என்றேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல மொழிபெயர்ப்பு அதுதான்.

அவர்கள் திரும்பி நடந்தார்கள். ஆண்கள் விட்டுவந்த வலைகளைத் தேடி மறுபடி கடலுக்குப் போனார்கள். இரண்டு வலை கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கோக்கி மட்டும் கோழியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு கிழமை கழித்துத் துரை கூப்பிட்டார். துரைசாணி சீமையில் போய்ச் சேரும்வரை அந்த ஒரு மாலையைப் பற்றியே பேசுவாவாம். துரையின் பன்னிரண்டு வருடச் சேவையில் அவர்களுக்கு இப்படியொரு வரவேற்பை எவரும் ஏற்பாடு செய்ததில்லையாம்.

"இத்தகைய காட்சியை ஆக்கவல்லவர் இக்கரையில் வேறொருவரும் இலர். உம்மை அனுப்பிவிட்டு நான் யாது செய்வேன்? நீர் இவ்விடத்திலேயே இருப்பீர்" என்று சொல்லி, என் விண்ணப்பத்தை எடுத்து, மிகுந்த அன்போடு நாலாக மடித்து, என் கையிலேயே தந்தார்.

அது கூத்தல்ல, என் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கூடாரத்தைப் பற்றி நான் சொன்னதெல்லாம் பொய்யென்றும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும். மெதுவாக வெளியே வந்தேன்.

அடுத்த லீவில் யாழ்ப்பாணம் போனபோது மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். எருக்கலம்பிட்டியின் ஓலை, நறுவிலிக்குளத்துப் பன்றி, அடம்பன் மாடு, இரண்டு நெருப்பு எல்லாம். எனக்காகக் கொஞ்சம் பரிதாபப்படுவா என்று எதிர்பார்த்தேன். அவ கீரை ஆய்ந்துகொண்டே கடைசிவரை கேட்டா. பிறகு கேட்டா:

"ஏனப்பா, அந்தக் கூடாரத்தைத் துரையின்ர பங்களா வளவுக்குள்ளயே அடிச்சு, அதில நெருப்பு மூட்டிக் குடுத்திருந்தா ஆர் மறிச்சிருப்பினம்?"