காலி வீடு என்று சொன்ன போன்

வாசலில் நின்று பிழைப்பவர்களே, வருகிற ஆளுக்கு நாம் பயப்பட வேண்டாம். அவர் கையில் இருப்பதற்குத்தான் பயப்பட வேண்டும்.

மஸ்கெலியாப் பக்கம் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் காட்சிசாலை ஆக்கினார்கள். நான் அங்கே வாச்சர். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள், பெட்டி நிறையப் போன் வந்து இறங்கியது. வருகிறவர்களிடம் அதைக் கொடுத்து வாங்குவது என் தலையில் விழுந்தது. நாம் நிற்கும் இடத்தை அதுவே கண்டுபிடித்து, அந்த இடத்தின் கதையைச் சொல்லி, கேள்வி கேட்டுப் புள்ளி போடும். விளையாடிக்கொண்டே படிப்பதாம்.

கான்

முதல் வாரமே, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் போனைப் பார்த்தபடி நேரே நடந்தார். "ஐயா, முன்னுக்குக் கான் இருக்குங்க" என்றேன். கையை ஆட்டி என்னை அடக்கிவிட்டு, மழைத்தண்ணி ஓடும் அந்தக் கானுக்குள் இடுப்பளவு இறங்கினார். தூக்கிவிட்ட எனக்கு ஒரு நன்றி கிடையாது. அதை நான் இன்னும் மறக்கவில்லை. போனைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல கான் காட்டலையே."

மதியச் சோறு

தொழிற்சாலைக்குப் பின்னால், தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, எங்களுடையது. மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். ஒரு மதியம் நான் சோற்றில் கை வைத்திருந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருத்தி என் தட்டைத் தாண்டிப்போய் அடுப்புக்குள் எட்டிப் பார்த்தாள். இன்னொருத்தி போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்: "தாத்தா, நீங்க எப்படி இங்க? யாரும் இல்லாத வீடுன்னுல்ல இது சொல்லுது."

மேலாளர்

கை கழுவாமலே மேலாளரிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்து இளைஞர், மரியாதையாகப் பேசுவார். போனில் ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன். என் பிள்ளைகள் பிறந்த காம்பரா அது. அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு சிரித்த முகத்தோடு சொன்னார்: "ஐயா, வாற வருசம் உங்களை வீட்டை விட்டு எழுப்பத்தானே போறம்? அதுதான் இப்பவே காலி எண்டு போட்டிட்டம்."

தேத்தண்ணி

என் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பில் இன்னொரு விறகை வைத்தாள்.

அடுத்த மாதம், காட்சிசாலைக்குப் பணம் போட்ட பெரிய மனிதர்கள் அந்த விளையாட்டைப் பார்க்க வந்தார்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும் ஒவ்வொருவர் கையிலும் போன் பேசியது: "இங்கே இப்போது யாரும் வசிப்பதில்லை." உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கல்யாணங்களுக்குக் கட்டும் சேலையில், தட்டு நிறையக் கோப்பைகளோடு என் மனைவி வெளியே வந்தாள். மேலாளர் குறுக்கே நின்று மறைக்கப் பார்த்தார். அவரைச் சுற்றிக்கொண்டு போய்த் தட்டை நீட்டினாள்: "இல்லாதவ ஊத்துன தேத்தண்ணிங்க, ஆறுறதுக்குள்ள குடிங்க."

எங்களை எழுப்பவில்லை, "இங்கே வயதான இருவர் வசிக்கிறார்கள், அடுப்பைக் காட்டச் சொன்னால் பத்துப் புள்ளி" என்று போனில் மாற்றிவிட்டார்கள், அந்தக் கானை மட்டும் இன்றுவரை போடவில்லை.