எந்த ஊர் மணி

எனக்கு வயது எழுபத்துமூன்று. ஆறு பேரை வளர்த்தேன். நாலு என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் நாத்தனார் கண்ணை மூடியபோது விட்டுப்போனது. ஆறையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டேன். தன் பிள்ளைக்கு ஒரு மாதிரி, நாத்தனார் பிள்ளைக்கு ஒரு மாதிரி என்று இந்த ஊரில் ஒரு வாய் என்னைப் பற்றிப் பேசியதில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். மற்றதில் கர்வப்பட ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடம் மூன்றாவதோடு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண் நன்றாக வரும். வில்லியனூர் பஸ் எத்தனாம் நம்பர், கரண்டு மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது, காலண்டரில் ராகு காலம் எப்போது தொடங்குகிறது, எதையும் நான் யாரிடமும் கேட்டதில்லை. எண்ணைக் காட்டி என்னை ஏமாற்ற முடியாது என்று நானே சொல்லிக்கொள்வேன்.

என் கடைசி மகன் கத்தாரில் வண்டி ஓட்டினான். அவனுக்குப் பாகூர் பக்கத்தில் பெண் எடுத்தோம். டிகிரி படித்த பெண். அதிர்ந்து பேச மாட்டாள், வேலையில் குறை வைக்க மாட்டாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஆறு வயதில் தண்ணீர்த் தாகம் வந்தது. சொம்பு சொம்பாகக் குடித்தாள், பாயை நனைத்தாள், ஒரே மாதத்தில் கன்னம் ஒட்டிப்போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் சர்க்கரை என்றார்கள். வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை வேறு, இது வேறு, மாத்திரை கேட்காது, ஒரு நாளைக்கு நாலு ஊசி, ஆயுசுக்கும் போட வேண்டும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை: "இது இந்த வூட்டு வாசப்படியத் தாண்டக் கூடாது."

பெண் குழந்தை. நாளைக்கு ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் என் பெரிய மகன் பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். பரம்பரையில் ஊசி வியாதி என்று தெரிந்தால் வருகிறவன் தெருமுனையிலேயே திரும்பிவிடுவான். அப்படித்தான் நினைத்தேன். ஊசி மருந்தை ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலைக் கட்டுக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஊசி. என் தம்பி கேட்டதற்குக்கூட வயிற்றில் பூச்சி என்று சொன்னேன்.

மருமகள் என் பேச்சைத் தட்டவில்லை. தன் அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மகளின் உச்சியில் கைவைத்து எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தவள்.

ஆனால் மனுஷிக்கு யாரிடமாவது சொல்ல வேண்டுமே. செல்போனில் ஒரு இடம் கண்டுபிடித்தாள். ஃபோரம் என்று பேர். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எந்தெந்தத் தேசத்திலோ இருந்துகொண்டு இங்கிலீஷில் எழுதுகிற இடம். யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ஒருத்தர் கேள்வி போட்டால் இன்னொருத்தர் பதில் போடுவார். ஒவ்வொன்றின் தலையிலும் எழுதிய மணியும் நிமிஷமும் தானாக விழும். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள்.

"ஒரு ஊர்ல ராத்திரின்னா இன்னொரு ஊர்ல பகல், அத்த. நா எப்ப கேட்டாலும் யாராச்சும் ஒருத்தரு முழிச்சிக்கினு இருப்பாங்க."

"நம்ம ஊர்ல முழிச்சிக்கினு இருக்கறவங்க போதாதா ஒனக்கு?" என்றேன். சிரித்தாள். இங்கே யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டிப்போட்டது நான்தான் என்பது அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை.

தை மாதம், பொங்கல் முடிந்து கரும்பு வெட்டு. வெட்டுக்கு வருகிற ஆட்களுக்கு மத்தியானச் சோறு எங்கள் வீட்டில்தான், என் மாமியார் காலத்திலிருந்து. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மருமகள் குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டுத் தட்டில் சோற்றைப் பிசைந்தாள். அந்த ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். ஆட்கள் கை கழுவிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் குரல் கொடுத்தேன்.

"வந்தவங்கள நிக்க வச்சிட்டு இன்னா பண்ற? மொதல்ல எலயப் போடு."

"பாப்பா சாப்ட்டுட்டா வந்துடறேன் அத்த."

"பாப்பா எங்கயும் ஓடிடாது. வாடி."

பத்துப் பேருக்கு அவள் பரிமாறி முடிக்கும்போது குழந்தை பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். உடம்பு முழுக்க வேர்வை, கண் மேலே சொருகிவிட்டது. நான் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மருமகள் சர்க்கரையைக் குழைத்துக் கன்னத்துக்குள் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை "ஆயா" என்றாள். ஆட்கள் முன்பக்கம் மோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் எழுந்துபோய் மோர் ஊற்றினேன்.

திரும்பி வந்தபோது மருமகள் பின்வாசல் படியில், குழந்தையை மடியில் போட்டபடி, ஒரு கையால் செல்போனில் எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. உச்சி வெயில் அவள் காலில் அடித்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளை படுகிற பாட்டைப் புருஷனும் தெரிந்துகொள்ளட்டும் என்று அந்தப் பக்கத்தை அவளே அவனுக்கு அனுப்பினாள். அவன் படித்தான். எழுதியதைவிட அவன் கண்ணில் பட்டது மணி. இவள் எழுதியது 2:17 ஏஎம். யாரோ ஒரு ஆண் பதில் போட்டது 2:40 ஏஎம். அதில், 'நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள், அழாதீர்கள், நான் விழித்துத்தான் இருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் எழுதுங்கள்' என்று இருந்ததாம். அந்த ஆளுக்கும் இதே வியாதியுள்ள பிள்ளை.

மகன் போனில் கத்தினான். அது அமெரிக்கா மணி, அந்த ஃபோரம் நடக்கிற ஊர் மணி, நமக்கு அப்போது பகல் பன்னிரண்டே முக்கால் என்று இவள் சொன்னாள். தன் போனில் அதே எழுத்து 12:47 பிஎம் என்று காட்டுவதைப் படம் பிடித்தும் அனுப்பினாள். அவள் அதில் கணக்கு வைத்திருந்ததால் அவளுக்கு நம் ஊர் மணி காட்டியது. அவன் வெளி ஆளாகத் திறந்தான், அதனால் அந்த ஊர் மணி காட்டியது. இவ்வளவுதான் விஷயம். "மணிய மாத்தி வச்சிக்கினு எனக்கே படம் காட்றியா?" என்று கேட்டான். பிறகு மணி இருக்கிற வரியையும் அந்த ஆண் எழுதியதையும் மட்டும் என் தம்பிக்கு அனுப்பிவிட்டான்.

அடுத்த ஞாயிறு காலையில் எங்கள் கூடத்தில் பேச்சு. என் தம்பி, பங்காளி வீட்டில் இரண்டு பெரியவர்கள், மருமகளின் அப்பா, சித்தப்பா. தம்பி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ பத்திரம் படிக்கிற மாதிரிப் படித்தான்.

"ரெண்டு பதினேழு, ஏஎம். ரெண்டு நாப்பது, ஏஎம். ஏஎம்முன்னா இன்னா சம்பந்தி, நடுராத்திரிதான?"

போன் கை மாறிக் கை மாறி என்னிடமும் வந்தது. எண் எனக்குத் தெரியும். ரெண்டு, பதினேழு. அதில் சந்தேகமே இல்லை.

"அது அவங்க ஊரு மணி, மாமா," என்றாள் மருமகள்.

"நீ ஒக்காந்துக்கினு இருக்கறது எந்த ஊர்ல?" என்றான் தம்பி.

"இங்கதான்."

"வில்லியனூர்ல சோறு துன்னுட்டு அமெரிக்கா மணி பாக்கற மருமவள இப்பத்தாம்பா பாக்கறேன்."

பங்காளிகள் சிரித்தார்கள். அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஊருக்கு ஊர் மணி மாறும் என்பது எனக்குத் தெரியாதா? கத்தாரில் ஏழு என்றால் நமக்கு ஒன்பதரை. மகன் போனுக்காக வருஷக்கணக்கில் இந்தக் கணக்கைத்தான் மனதில் போட்டேன். மகனுக்குப் போட்ட கணக்கை மருமகளுக்குப் போட முடியாதா? முடியும். அமெரிக்கா நமக்குப் பத்தரை மணி பின்னால் என்று அவள் சொல்லியிருந்தாள்; அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே கூட்டியும் பார்த்தேன், நான் அவளைப் படியில் பார்த்த நேரம் சரியாக வந்தது.

அப்போது அவள் என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"அத்த, கரும்பு வெட்டுன அன்னிக்கு மத்தியானம் பின்கட்டுல இன்னா நடந்துச்சின்னு நீங்க சொல்லுங்க. நா எப்ப எழுதனேன்னு நீங்க பாத்தீங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டுமானால் குழந்தை விழுந்ததைச் சொல்ல வேண்டும். ஏன் விழுந்தாள் என்று கேட்பார்கள். ஊசியைச் சொல்ல வேண்டும். பிசைந்த சோற்றை வைத்துவிட்டு வா என்று கூப்பிட்டது யார் என்றும் சொல்ல வேண்டும்.

"எனக்கு ஞாபகமில்ல," என்றேன்.

அவளே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து வியாதியைச் சொல்லியிருந்தால் அவள் பேர் அந்த நிமிஷமே சுத்தமாகியிருக்கும். கதவு ஓரத்தில் நின்ற குழந்தையை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய்த் துணிமணி எடுத்து வைத்தாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. அவள் அப்பா குழந்தையைத் தூக்கி ஏற்றினார். அவள் மட்டும் திரும்பி என்னிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "ஃப்ரிட்ஜ்ல ஒண்ணும் வச்சிட்டுப் போவல, அத்த. யாருக்கும் தெரியாது."

இத்தனை வருஷத்தில் என்னை யார் யாரோ ஏசியிருக்கிறார்கள். அந்த வார்த்தை மாதிரி எதுவும் எனக்குள் இறங்கியதில்லை.

ஊர் என்ன பேசியது என்பதை எழுதப்போவதில்லை. பேசியது, அவ்வளவுதான். பெரிய மகன் பெண்ணுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கடைசி மகன் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வேறொருத்தியைக் கட்டினான். அவனுக்கு மறுபடி பிள்ளை பிறந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. அன்றைக்கு மத்தியானம் நான் பார்த்ததைப் போனில் சொன்னேன். "இத அன்னிக்குச் சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றான். அதற்குப் பிறகு அவன் போன் குறைந்துவிட்டது. தம்பியிடம் சொன்னேன். "வுடு அக்கா, ஆனது ஆச்சி," என்று வெற்றிலையைத் துப்பினான். கூடத்தில் வைத்து அவர்கள் சிரித்த சிரிப்பைப் போய்த் திருப்பி வாங்க யாரும் கிளம்பவில்லை.

பாகூருக்கு நான் தனியாகப் பஸ் ஏறிப் போனேன். மருமகள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். நான் சொல்ல வேண்டியதைத் தொடங்கினேன். "பாப்பாக்கு ஊசி நேரம், அத்த," என்று எழுந்து போனாள். கூடத்திலேயே வைத்துப் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தவில்லை, ஒளிக்கவில்லை. நான் கிளம்பும்போது, "லீவுல பாப்பாவ அனுப்பறேன். அவளுக்கு ஆயா வேணும்," என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடி லீவுக்கு லீவு அனுப்புகிறாள். குழந்தைக்கு இப்போது பதினாலு வயது. தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். போன முழுப் பரீட்சை லீவில் அம்மாவின் பழைய எழுத்தைப் போனில் எடுத்துக் காட்டினாள். அம்மாவின் கணக்கில் திறந்தால் 12:47, வெளியே வந்து திறந்தால் 2:17. "ரெண்டும் ஒரே நேரம்தான் ஆயா. இதுகூடவா அப்பாக்குத் தெரியல?" என்று கேட்டாள்.

அப்பாவுக்குத் தெரியவில்லை என்பது வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். ஆயாவுக்குத் தெரிந்திருந்தது என்பதை அவள் அம்மா இத்தனை வருஷமும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தப் பிள்ளை என் வீட்டுப் படியை மிதிப்பாளா என்று எனக்குத் தெரியாது. நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் அவள் நோட்டிலேயே, இருபத்தோரு நாள் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி இதை எழுதினேன்.

இப்போது இந்த அறையில் நீயும் நானும்தான் இருக்கிறோம். இந்தா பாப்பா, முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். எனக்கு ஞாபகமில்லை என்று நான் சொன்ன இடம் வரும்போது நிறுத்திவிடாதே, படி.