இரண்டு பாயின்ட் வேலை

காலை ஒன்பதரைக்கு நாங்கள் ஆறு பேரும் சுவரோரமாக நிற்போம். உட்காரக் கூடாது என்பது விதி. உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எதிலாவது மாட்டிக்கொண்டிருக்கிறேனா. பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். இதை நடத்துவதுதான் என் உத்தியோகம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஸ்டோர்ஸ், கேட் பாஸ், மெஷின் பராமரிப்பு என்று சாஃப்ட்வேர் எழுதித் தரும் சின்னக் கம்பெனி. "மத்தவங்க வேலை செஞ்சாங்களான்னு கேக்கறதுக்கு ஒரு சம்பளமா?" என்று என் கணவர் கேட்பார். முதல் வருடம் அதற்கு விளக்கம் சொன்னேன். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். ஆலப்பாக்கம் தாண்டி சிப்காட் வரும்போது ஜன்னலை மூடுவேன். மூடினாலும் அந்த வாடை புடவையில் ஏறிக்கொண்டு ஆபீஸ் வரை கூடவே வரும். எங்கள் பிழைப்பே அந்த வாடையில்தான் ஓடுகிறது என்பதால் குறை சொல்லவும் வாயில்லை. இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். மிச்ச உயிரோடு நின்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை என்று எல்லோரும் தினமும் சொல்வார்கள். நானும் தலையாட்டிவிட்டு என் இடத்துக்குப் போய் உட்காருவேன்.

இந்த முறையை ஆபீஸுக்குக் கொண்டுவந்ததே நான்தான். ஒரு ஆன்லைன் வகுப்பில் கற்றுக்கொண்டேன். வேலைகளை இரண்டிரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தொடங்கும் திங்கட்கிழமை, எந்த வேலை எவ்வளவு பெரியது என்று எல்லோரும் சேர்ந்து மதிப்பிட வேண்டும். மணி, நாள் என்று சொல்லக் கூடாது; பாயின்ட் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று எண் போட்ட அட்டைகளை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்தேன். ஒரு வேலையை நான் படித்துச் சொன்னதும் மற்ற ஐந்து பேரும் ஒரே சமயத்தில் அட்டையைத் தூக்க வேண்டும். பெரிய வேலைக்குப் பெரிய எண். எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று பேசித் தீர்க்கச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்குப் பேச நேரமில்லை. அதனால், வேலையை எடுத்துக்கொள்கிறவர் காட்டுவதே கடைசி எண் என்று நானாக ஒரு விதி போட்டேன்.

முதல் நாளே ஒரு வாக்கும் கொடுத்தேன். இந்தப் பாயின்ட் நாம் திட்டம் போட்டுக்கொள்வதற்கு மட்டும்தான், ஆளை அளப்பதற்கு இல்லை, இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று சொன்னேன். அப்போது அதை முழுமனதாக நம்பித்தான் சொன்னேன்.

எங்கள் ஆறு பேரில் மூத்தவர் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பைக்கில் வருவார். ஐம்பதைத் தொட்டவர். சின்னவர்கள் மாமா என்பார்கள், நான் சார் என்பேன். ஒரு தொழிற்சாலை எங்கள் சாஃப்ட்வேருக்கு மாறும்போது அதன் பழைய பொருள் பட்டியலைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஒரே வால்வை ஒரு ஷிஃப்டில் ஒரு பேரிலும் அடுத்த ஷிஃப்டில் வேறு பேரிலும் ஏற்றி வைத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று எந்த புரோகிராமும் கண்டுபிடிக்காது. அவர் சிப்காட்டுக்கு நேரில் போய், ஸ்டோர்ஸ்காரரோடு டீ குடித்து, ரேக் ரேக்காகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சரிசெய்வார். அந்த வேலை வந்தால் மற்றவர்கள் எல்லோரும் போனைப் பார்ப்பார்கள். அவர் எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொண்டு, அட்டையில் இரண்டு காட்டுவார்.

சின்னவர்கள் விவரமானவர்கள். ஒரு பட்டன் நிறத்தை மாற்ற ஐந்து காட்டுவார்கள். இவர் ஐந்து நாள் வேலைக்கு இரண்டு காட்டுவார். "மாமா, நீங்க எங்க மார்க்கெட்ட கெடுக்கறீங்க" என்று கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் சுபாவம் அப்படி, தன் வேலையைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளத் தெரியாத மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவருடைய இரண்டு உண்மையில் எட்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. எண் சின்னதாக இருந்தால் அந்த இரண்டு வாரத்துக்குள் இன்னும் நான்கு வேலையைத் திணிக்கலாம். கடைசி வெள்ளிக்கிழமை சுவர் போர்டில் எல்லா வேலைச் சீட்டும் 'முடிந்தது' என்ற பக்கம் போய்விடும். எம்.டி. பார்த்துவிட்டுப் பலே என்பார்.

சென்ற வருடம் ஒரு தொழிற்சாலை எங்களை விட்டுவிட்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டது. அதற்கடுத்த வாரம் எம்.டி. என்னிடம் ஒரு வருடப் பாயின்டை ஆள்வாரியாகப் பிரித்து அனுப்பச் சொன்னார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூளைக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு எனக்கு அலுப்பு. சண்டை போடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை. இந்த எண்கள் முழு வேலையையும் காட்டாது என்று கீழே ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். அந்த ஒரு வரியால் என் வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். ஒருவரை வேலையை விட்டு அனுப்பியாக வேண்டும், பட்டியலில் கடைசியில் இருப்பவர் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்தான் என்றார். அவருடைய மகள் அப்போது சிதம்பரத்தில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். ஐம்பது வயதுக்காரருக்கு இந்த ஊரில் இன்னொரு கம்பெனி எங்கே இருக்கிறது? பதறிப்போனேன். அவர் எப்போதும் குறைத்துச் சொல்கிறவர், அவருடைய இரண்டு மற்றவர்களின் எட்டு, அவர் இல்லாவிட்டால் அடுத்த தொழிற்சாலைக்குப் பட்டியல் ஏறாது என்று சொன்னேன்.

எம்.டி. கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார்.

"அப்ப ஒரு வருஷமா நீங்க எனக்குக் காட்னதெல்லாம் தப்பாம்மா?"

ஆமாம் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். என் தவறு, எனக்குத் தெரிந்தே நடந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். பட்டியலில் என் பேரே இல்லை என்பது அந்த நேரத்தில் என் கண்ணில் பட்டது. நான் அட்டை தூக்குகிறவள் இல்லையே, நடத்துகிறவள். என் வேலையை அளக்க ஆரம்பித்தால் என்ன எண் வரும் என்று பயந்தேன்.

"தப்புன்னு இல்ல சார்" என்றேன்.

மாதக் கடைசியில் மூத்தவர் வேலையை விட்டுப் போனார். சின்னவர்கள் கேக் வாங்கி வந்தார்கள். அவர் ஒவ்வொரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ்காரர் போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டு, வரேன் மேடம் என்று மட்டும் சொன்னார்.

எட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கையில் ஒரு பெரிய கட்டைப் பை. மகளுக்கு ஹாஸ்டலில் கொடுக்க சிதம்பரம் போகிறேன் என்றார். இப்போது நெல்லிக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறாராம். நின்றே செய்யும் வேலை, மற்றபடி பரவாயில்லை என்றார். ஆபீஸில் எல்லோரையும் விசாரித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. எதையாவது பேச வேண்டுமே என்றுதான், இத்தனை நாள் உள்ளே கிடந்ததைக் கேட்டேன். ஏன் சார் எப்போதும் இரண்டே காட்டினீர்கள், ஒரு தடவையாவது உள்ளதைக் காட்டியிருக்கலாமே என்றேன். கேட்ட குரலில் குறை சொல்லும் தொனி இருந்தது, எனக்கே அது கேட்டது.

அவர் கொஞ்சம் யோசித்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"மொத தபா எட்டுதான் மேடம் தூக்னேன். நீங்க சிரிச்சீங்க. 'பேர் மாத்தறதுக்கா சார் எட்டு?'ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க தப்பா ஒன்னும் கேக்கல, சும்மா தமாஷுக்குத்தான். எதுக்கு வம்புன்னு அன்னையிலேர்ந்து ரெண்டே போட்டுட்டேன்."

எனக்கு அது துளிகூட நினைவில்லை. எவ்வளவு தோண்டிப் பார்த்தும் அந்தத் திங்கட்கிழமை வரவில்லை. ஆனால் நான் அப்படிக் கேட்கக்கூடியவள்தான். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

சிதம்பரம் பஸ் உள்ளே நுழைந்தது. கூட்டம் ஓடியது. அவரும் ஓடி, ஜன்னல் வழியாகத் தன் கட்டைப் பையை ஒரு சீட்டில் போட்டார். நான் ஏறியபோது அந்த இடத்தைக் காட்டி, உட்காருங்க மேடம் என்றார். வேறு சீட் இல்லை. நீங்கள் உட்காருங்கள் என்று ஒரு தடவை சொன்னேன், ஒரே ஒரு தடவை. பையை என் மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். காலையிலிருந்து கடையில் நின்ற மனிதர், சிதம்பரம் வரை என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். இறங்கும்போது மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். தேங்க்ஸ் சார் என்றுதான் வந்தது.