பிரான்சின் நீளமான எல்லை

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டால் இப்போதும் என் கை சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். நாலு வருஷம் அப்படிப் பழகிவிட்டது. புதுச்சேரியில், நேரு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்த பாரில் அப்போது வாராவாரம் குயிஸ் நடக்கும். வாரத்தின் நடுவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த முதலாளி கண்டுபிடித்த உபாயம் அது. இன்று அந்த மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

எங்கள் மேஜை நாலாம் நம்பர். ஆளும் நாலு பேர். நான் தபால் ஆபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிறவன் என்பதால் நாடு, தலைநகரம், கொடி, நாணயம் எல்லாம் என் இலாகா. என் மனைவி கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். உடம்பு சம்பந்தப்பட்டது எதுவானாலும் அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மூன்றாவது ஆள் வைத்திக்குப்பத்தில் படகு இஞ்சின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். குடியை விட்டுப் பல வருஷம் ஆகியும் வறுத்த கடலைக்காகவும் சினிமாக் கேள்விக்காகவும் வருவார். நாலாவது என் நண்பன். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். இரண்டு வேன் வைத்து டிராவல்ஸ் நடத்திக்கொண்டிருந்தான். அவன் அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

கேள்வி கேட்கிறவர் சென்னையிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒரு கம்ப்யூட்டர்காரர். ஒரு மைக், ஒரு லேப்டாப், கூடவே ஒரு பெரிய இட்லி குண்டான். குண்டான் எதற்கென்றால், ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரும் எல்லா மேஜைக்காரர்களும் செல்போனை அதில் போட்டுவிட வேண்டும். நடுநடுவே அது அடுப்பில் வைத்ததுபோல் உறுமும். யாருடைய வீட்டிலிருந்தோ தேடுகிறார்கள் என்று அர்த்தம். முடிந்ததும் பதில் தாளைப் பக்கத்து மேஜையோடு மாற்றிக்கொள்வோம். அவர்களுடையதை நாங்கள் திருத்த வேண்டும், எங்களுடையதை அவர்கள். ஜெயித்த மேஜைக்கு ஒரு தட்டு சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் இலவசம். அதற்காக நாங்கள் சண்டை போட்டதைப் பார்த்தால் சொத்துத் தகராறு என்றுதான் நினைப்பார்கள்.

என்ன மாதிரி சாயங்காலங்கள் அவை! அரபிக்கடலோரம் இருக்கும் நம் புதுச்சேரியின் துண்டு எது என்று ஒருமுறை கேட்டார். உள்ளூர் மேஜைகள் எல்லாம் சிரித்தன. வார விடுமுறையை நீட்டிக்கொண்டு வந்திருந்த பெங்களூர் பிள்ளைகள் மட்டும், புதுச்சேரிக்கு எப்படி அரபிக்கடல் வரும் என்று சண்டைக்கு வந்தார்கள். மாஹே என்கிற ஊர் கேரளத்துக்குள் இருக்கிறது, ஆனால் எங்களுடையது என்று நண்பன் எழுந்துபோய் அவர்கள் மேஜையில் தண்ணீரைத் தொட்டுப் படம் போட்டுக் காட்டினான். அவன் அப்படித்தான். தெரிந்ததை எதிராளிக்கும் சொல்லிவிடுவான்.

பேனா எப்போதும் என் கையில் இருக்கும். யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். யார் என்ன சொன்னாலும் நான் ஒப்புக்கொண்டால்தான் அது தாளில் ஏறும். கணவாய் மீனுக்கு எத்தனை இதயம் என்று ஒரு கேள்வி வந்தது. மெக்கானிக் உடனே, "மூணு" என்றார். நான் நம்பவில்லை. "அறுத்து ஆய்ஞ்சவன் சொல்றேன், எழுதுங்க சார்" என்றார். அப்படியும் நான் யோசிக்க, மனைவி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியபின்தான் எழுதினேன். மூன்றுதான் சரி. நான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று அவள் வீட்டில் என்னைச் சொல்வது சும்மா இல்லை.

அந்த ஒரு புதன்கிழமை வந்த கேள்வி இது: பிரான்ஸ் தேசத்துக்கு எந்த நாட்டோடு இருக்கும் நில எல்லை மிக நீளமானது?

என் இலாகா. ஸ்பெயினா பெல்ஜியமா என்று மனசுக்குள் வரைபடத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். நண்பன் குனிந்து, "பிரேசில்" என்றான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாடா, ஏத்திக்கிட்டியா?"

"இல்லடா. பிரெஞ்சு கயானா பிரான்ஸோட சேர்ந்ததுதான். தனி நாடு கெடையாது. எங்கப்பா அங்க டியூட்டி பாத்திருக்காரு. ஆத்துக்கு இந்தாண்ட பிரான்ஸு, அந்தாண்ட பிரேசிலு."

மெதுவாகத்தான் சொன்னான். நானும் மெதுவாகவே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் இலாகாவில் இன்னொருவன் கை வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, பக்கத்து மேஜைகளுக்கெல்லாம் கேட்கும்படி, "உங்கப்பா பிரான்ஸுக்குக் காவல் காத்தாரா, பிரேசில்ல போயி ஃபுட்பால் ஆடினாரா?" என்றேன். பார் முழுவதும் சிரித்தது. சிரிப்பு கிடைத்துவிட்டால் எனக்கு நாக்கு நிற்காது. "பென்ஷன் வந்தா பூகோளமும் சேர்ந்து வந்துடுமா?" என்று இன்னொன்றும் போட்டேன். பிறகு உட்கார்ந்து பெரிய எழுத்தில் ஸ்பெயின் என்று எழுதினேன்.

கேள்வி கேட்டவரும் ஸ்பெயின் என்றுதான் சொன்னார். அந்த ஒரு மார்க்கில் நாங்கள் ஜெயித்தோம். சிக்கன் வந்தது. நண்பன் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றான். குண்டானிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கிப் போய்விட்டான்.

"அண்ணன் மொகத்தப் பாத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். தோற்றவன் முகம் வேறு எப்படி இருக்கும் என்றேன்.

மறுநாள் காலை ஆபீசில் மூட்டை வருவதற்கு முன் செல்போனில் தேடினேன். சத்தியமாக அவன் தப்பு என்று உறுதி செய்துகொள்ளத்தான் தேடினேன். பிரேசில். தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா, அதன் ஓரமாக ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரேசில். ஸ்பெயினைவிட அந்த எல்லை நீளம். சந்தேகத்துக்கு இடமே இல்லை. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடிதங்களைப் பிரிக்க ஆரம்பித்தேன். காது சூடாக இருந்தது.

ஒரே ஒரு போன். "நீ சொன்னதுதான்டா சரி" என்று மூன்று வார்த்தை. அன்று செய்யவில்லை. அடுத்த புதன்கிழமை நேரிலேயே சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். அவன் வரவில்லை. வேனுக்கு சவாரி என்று மெக்கானிக்கிடம் சொல்லி அனுப்பியிருந்தான். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நாள் ஆக ஆக, சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. முதல் நாள் தப்பை மட்டும் ஒப்புக்கொண்டிருந்தால் போதும். ஒரு மாசம் கழித்து என்றால், தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அதற்குத் துணிச்சல் இல்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு அவன் திரும்ப வந்தான், ஆனால் ஆறாம் நம்பர் மேஜைக்கு. டாக்சி ஸ்டாண்டு ஆட்கள் மூன்று பேர் அங்கே அவனுக்கு இடம் வைத்திருந்தார்கள். படியில் பார்த்தால் தலையை ஆட்டுவான். நானும் ஆட்டுவேன். முப்பத்தைந்து வருஷ சிநேகம் தலையாட்டலில் வந்து நின்றது. எங்கள் மேஜையில் நாலாவது நாற்காலியில் மனைவியின் கைப்பை உட்கார்ந்திருக்கும்.

சண்டை நடந்து எட்டு மாசத்தில் அவன் அப்பா காலமானார். மாதா கோயிலுக்கும் கல்லறைக்கும் போனேன். சின்ன வயதில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவர் கையால் சாப்பிட்டவன் நான். ராணுவத்தில் சமையலும் செய்திருக்கிறார் என்பதால் அவர் வைக்கிற கறிக்குழம்புக்கு வீட்டுப் பெண்களே தட்டை நீட்டுவார்கள். நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கல்லறையில் போய் பூகோளமா என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு, பூவைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கும் இரண்டு மாசம் கழித்துத்தான் அது நடந்தது. கேள்விக்காரருக்குச் சரக்கு தீர்ந்துபோனால் பழைய கேள்விகளைத் தூசி தட்டிக்கொண்டு வருவார். பத்தாவது கேள்வியாக அவர் மைக்கில் படித்தார்: பிரான்ஸ் தேசத்துக்கு எந்த நாட்டோடு இருக்கும் நில எல்லை மிக நீளமானது?

மனைவி என்னைப் பார்த்தாள். மெக்கானிக், "பழைய கேள்விதான், ஸ்பெயினு, எழுதுங்க" என்றார். நான் பிரேசில் என்று எழுதினேன். மனைவி கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துவிட்டு, "எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள். அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று ஐந்தாம் மேஜைக்கு ஆள் வரவில்லை. அதனால் தாள் மாற்றும்போது ஆறாம் மேஜையின் தாள் எங்களிடம் வந்தது. நண்பனின் கையெழுத்து, பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குத் தெரிந்த சாய்ந்த எழுத்து. பத்தாவது வரிக்கு நேராகப் போனேன். அங்கே பிரேசில் இருக்கும், நான் ஒரு டிக் போடுவேன், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஸ்பெயின் என்று எழுதியிருந்தான்.

தன் அப்பா நின்ற இடம், அதை அவனே இல்லை என்று எழுதியிருக்கிறான். எழுத வைத்தவன் நான்.

"பத்தாவது, ஸ்பெயின்" என்று கேள்விக்காரர் அறிவித்தார். மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டிப் பார்த்தால் ஆறாம் மேஜை எங்களைவிட ஒரு மார்க் முன்னால். நான் டிக் போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டால் அவன் ஜெயிப்பான். வாயைத் திறந்தால் அவன் தோற்பான், நாங்கள் ஜெயிப்போம். உண்மையைச் சொல்வதற்குக்கூட நான் இப்படி ஒரு நேரத்தைத் தேடிப் பிடித்திருந்தேன். ஆனால் இன்றும் மூடிக்கொண்டால் இனி இந்த ஜென்மத்தில் திறக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்தேன். "சார், அது தப்பு. பிரேசில்தான் சரி" என்றேன்.

"சிக்கனுக்கு அழுவறான் பாரு!" என்று ஆறாம் மேஜையில் ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம் திரும்பியிருந்தது. நின்று வாங்கிக்கொண்டேன்.

"சிக்கன அவங்களுக்கே குடுங்க. போன தடவ இதே கேள்விக்கு இவன்தான் பிரேசில்னு சொன்னான். நான்தான் எழுதல. இவங்கப்பாவ வச்சு கிண்டல் பண்ணேன். மறுநாளே தேடிப் பாத்துட்டேன், இவன் சொன்னதுதான் சரி. பத்து மாசமா தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

கேள்விக்காரர் குண்டானில் கையை விட்டுத் தன் செல்போனைத் தேடி எடுத்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "ஆமா, பிரேசில்தான். ஸாரி" என்றார். ஆறாம் மேஜைக்காரர்கள் முதலாளியைக் கூப்பிட்டுச் சத்தம் போட ஆரம்பித்தார்கள். நண்பன் மட்டும் எழுந்து எங்கள் மேஜைக்கு வந்து, தன் தாளில் பத்தாவது வரியில் விரலை வைத்தான்.

"அடிச்சிடு" என்றான்.

அடித்தேன்.

அன்று சிக்கனை யார் தின்றார்கள் என்று நினைவில்லை. நாங்கள் இரண்டு பேரும் படி இறங்கி, என் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றோம். சந்து முழுக்க மல்லிப்பூ விற்கிற குரல்களும் ஹாரன் சத்தமுமாக இருந்தது.

"ஏன்டா ஸ்பெயின்னு எழுதன?" என்று கேட்டேன்.

"அந்தாளு லிஸ்ட்ல அதான இருக்கு. அப்பாவும் போயிட்டாரு. யாருக்காக எழுதறது?"

"கோவத்துல வீட்ல சொன்னியா? நான் பேசினத?"

"சொன்னேன். எனக்குத்தான் கோவம், அவரு சிரிச்சிட்டாரு. பெட்டியத் தொறந்து ஒரு போட்டோ எடுத்தாரு. ஆத்தோரமா அவரு நிக்கறாரு, பின்னால தெரியறதெல்லாம் பிரேசிலு. நீ வந்தா காட்டணும்னு தலமாட்லயே வச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழமையானா கேப்பாரு, உன் கூட்டாளி ஏன் வரதில்லன்னு. கொழம்பு அதிகமாவே வைக்கச் சொல்லுவாரு."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னான். நான் ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் காத்திருந்த அந்த எட்டு மாசமும், என் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். ஐந்து நிமிஷம்கூட ஆகாது.